பச்சையாக இருப்பதால் சிவப்பாக இருக்கும் பழம்

ஸ்பானிய மொழியில் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "லாஸ் மோராஸ் ரோஹாஸ் எஸ்தான் வெர்தேஸ்." சொல்லுக்குச் சொல் எடுத்துப் போட்டால், சிவப்பு மோராக்கள் பச்சையாக இருக்கின்றன. மோரா என்பது மல்பெரி, பிளாக்பெரி மாதிரியான பழம், நன்றாகப் பழுத்தால் கறுத்துவிடும். பழுக்காதவரை சிவப்பு. அதாவது சிவப்பாக இருக்கிறதே, ஏன்? ஏனென்றால் அது இன்னும் பச்சையாக இருக்கிறது.

முதல்முறை கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், பச்சரிசியை வெள்ளை வெளேரென்று அள்ளிப் போட்டுப் பொங்கல் வைக்கிற நாம் இதற்குத் தலை சுற்ற வேண்டியதே இல்லை. பச்சரிசியில் யாராவது பச்சை நிறத்தைத் தேடுகிறோமா? பச்சைத் தண்ணீர், பச்சை முட்டை, பச்சைப் புண், பச்சை உடம்பு, பச்சைக் குழந்தை, இதில் எதுவும் பச்சை நிறமில்லை. பச்சையைக் குறிக்கும் வெர்தே என்ற ஸ்பானியச் சொல்லைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ் வழியாகப் போனால் பாதிக்கு மேல் இனாமாகக் கிடைக்கிறது. நான் இதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடலாம். எழுத்தில் அது ஆங்கில 'வி'யில் தொடங்கும், ஆனால் ஸ்பானியத்தில் 'வி'க்கும் 'பி'க்கும் ஒலி வேறுபாடு இல்லை. அதனால் காதில் விழுவது கிட்டத்தட்ட "பெர்தே", 'பஸ்' என்னும்போது வருகிற ப. நடுவில் வரும் த, நாம் 'அது' என்னும்போது வருகிற அதே மென்மையான த. இங்கே எழுத்தை ஒட்டி வெர்தே என்றே எழுதுகிறேன்.

லத்தீனில் விரிதிஸ். அதன் வினை வடிவம் 'விரேரே', அதற்குத் துளிர்த்திருப்பது, செழித்திருப்பது என்றும் பொருள். பேச்சில் நடு உயிரெழுத்து தேய்ந்து 'விர்திஸ்' ஆகிவிட்டது. அந்தக் காலத்து லத்தீன் வாத்தியார் ஒருவர் எழுதிவைத்த பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று இன்றும் இருக்கிறது, அதில் "விரிதிஸ் என்று சொல், விர்திஸ் என்று சொல்லாதே" என்று கண்டிக்கிறார். யார் கேட்டார்கள்? அந்தத் தப்பிலிருந்துதான் ஸ்பானியத்தின் வெர்தே பிறந்தது. நிறமும் செழிப்பும் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்த சொல் இது. ஒரு செடியின் உள்ளே சாறு ஓடுகிறது, இன்னும் காயவில்லை, இன்னும் முற்றவில்லை என்பதற்கு வெளியே தெரிகிற அடையாளம்தான் அந்த நிறம். இந்தச் 'சாறு வற்றாத' நிலையைப் பிடித்துக்கொண்டால் வெர்தேயின் பெரும்பாலான பொருள்கள் தானாகவே வரிசையில் வந்து நிற்கும்.

ஸ்பானிய இலக்கணம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவும் ஒரு வழி வைத்திருக்கிறது. 'இரு' என்பதற்கு அவர்களிடம் இரண்டு வினைகள். 'செர்' என்பது இயல்பு, தன்மை. 'எஸ்தார்' என்பது இப்போதைய நிலை. ஒரு ஆப்பிளைப் பற்றிச் செர் போட்டு வெர்தே என்றால் அது பச்சை நிற வகை ஆப்பிள். எஸ்தார் போட்டால் அது இன்னும் பழுக்கவில்லை, எந்த நிறத்தில் இருந்தாலும் சரி. நம்மூர்ப் பச்சைப்பழம் இருக்கிறதே, தோல் பச்சையாகவே இருந்து உள்ளே கனிந்துவிடும் வாழைப்பழம், அதை ஒரு ஸ்பானியரிடம் நீட்டினால் அவர் சொல்லக்கூடியது: "எஸ் வெர்தே, பெரோ நோ எஸ்தா வெர்தே." பச்சைதான், ஆனால் பச்சையாக இல்லை. இரண்டு வினைகளின் வேறுபாட்டைப் பாடப்புத்தகங்கள் பல பக்கம் விளக்குகின்றன, ஒரு வாழைப்பழச் சீப்பு போதும்.

நான் இதில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இணைய வகுப்பு ஒன்றில், எனக்கு இன்னும் பழக்கம் போதாது, கத்துக்குட்டி என்று சொல்ல நினைத்து "சோய் வெர்தே" என்றேன். செர் போட்டுவிட்டேன். ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்திருக்கிறீர்களா, இல்லை சுற்றுச்சூழல் கட்சியா?" என்று கேட்டார். சொல்லியிருக்க வேண்டியது "எஸ்தோய் வெர்தே". ஒரு வேலைக்கு இன்னும் பக்குவப்படாத ஆளையும், வெளியிடும் அளவுக்கு முற்றாத திட்டத்தையும் இப்படித்தான் சொல்வார்கள். எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொன்ன நரி ஸ்பானியத்தில் சொல்வது "எஸ்தான் வெர்தேஸ்". கிடைக்காத ஒன்றை வேண்டாம் என்று ஒருவர் பிகு பண்ணினால், பக்கத்தில் இருப்பவர் அந்த இரண்டு சொல்லைப் போட்டாலே போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் காய், பழம் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. மாங்காய் வேறு, மாம்பழம் வேறு, கடையில் கேட்கும்போதே முடிந்தது கதை. ஸ்பானியத்தில் அப்படி ஒரு 'காய்' கிடையாது. அந்த வேலையையும் வெர்தேதான் பார்க்கிறது, எதிர்ப்பக்கத்தில் 'மதூரோ', பழுத்தது. மாங்காய்க்கு 'மாங்கோ வெர்தே'. இதில் ஒரு வேடிக்கை: மாங்கோ என்ற சொல்லே நம் பக்கத்திலிருந்து போனதுதான், தமிழ் மாங்காய், மலையாள மாங்ங, அது போர்ச்சுகீசியர் வாயில் 'மாங்கா'வாகி உலகம் சுற்றிப் போன சொல். காயைக் குறித்த சொல்லைக் கொண்டுபோய்ப் பழத்துக்கு வைத்துவிட்டு, மறுபடி காயைச் சொல்ல ஒரு வெர்தேயை ஒட்டவேண்டி வந்திருக்கிறது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் அந்த மாங்கோ வெர்தேயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டுத் தெருவில் விற்கிறார்கள். மெரினாவில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஈக்வடோரின் கடற்கரைப் பக்கம் போனால் வெர்தே பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. குவயாகில் நகரில் காலையில் ஒருவர் வெர்தே வேண்டும் என்றால், அவர் கேட்பது வாழைக்காய். சமையலுக்கென்றே இருக்கும் பெரிய வாழை வகையின் முற்றிய காய். அதை வேகவைத்தோ வதக்கியோ மசித்து, பாலாடைக்கட்டியோ பொரித்த பன்றிக்கொழுப்போ சேர்த்து உருண்டை பிடித்தால் 'போலோன் தே வெர்தே', சொல்லப்போனால் பச்சையுருண்டை. மசித்து முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிளறினால் அது 'திக்ரீயோ', எல் ஓரோ மாகாணத்துச் சருமா ஊர்க்காரர்களின் பெருமை. மசித்த வாழைக்காய் மாவில் பூரணம் அடைத்துப் பொரித்தெடுப்பதற்கு 'எம்பனாதா தே வெர்தே'. அதே வாழை பழுத்துவிட்டால் அதன் பெயர் வெறும் மதூரோ. சந்தையில் வெர்தே எவ்வளவு, மதூரோ எவ்வளவு என்று கேட்டால் போதும், வாழை என்ற சொல்லே வாயில் வரவேண்டியதில்லை. நாம் கடையில் "ஒரு சீப்பு பச்சை, ஒரு சீப்பு மலை" என்று கேட்பதில்லையா, அது மாதிரி.

பச்சை மிளகு 'பிமியெந்தா வெர்தே', பச்சை ஆலிவ் 'அசெய்தூனா வெர்தே'. பச்சை ஆலிவும் கறுப்பு ஆலிவும் வேறுவேறு மரம் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரே பழம்தான், முன்னால் பறித்தால் பச்சை, விட்டுவைத்தால் கறுக்கும். வறுக்காத காப்பிக்கொட்டைக்கு 'கஃபே வெர்தே', காயவைக்காத விறகுக்கு 'லேன்யா வெர்தே'. இந்த விறகை அடுப்பில் வைத்தால் புகைதான் வரும், பச்சை விறகு என்று நாமும் அதே சலிப்போடு சொல்கிறோம். மீன் வரை போகிறது இது: உப்பிட்டும் இன்னும் உலர்த்தாத காட் மீனுக்கு 'பக்கலாவ் வெர்தே' என்று வணிகத்தில் பெயர். அதில் பச்சை நிறம் தெரிந்தால் வாங்கிவிடாதீர்கள்.

மெக்சிகோவின் 'தொமாத்தே வெர்தே' மட்டும் இந்த வரிசையில் உட்காராது. அது தக்காளிக்காய் அன்று. மேலே காகிதம் மாதிரி உறை சுற்றிய தனி இனம், தொமத்தீயோ என்றும் சொல்வார்கள், அறுவடைக்கு வரும்போதே பச்சைதான். மெக்சிகோவின் பச்சைச் சட்னியான சல்சா வெர்தே அதிலிருந்து வருகிறது. அதைப் பழுக்காத நாட்டுத் தக்காளியில் செய்து பார்த்தேன். புளிப்பு இருந்தது, மற்றது எதுவும் இல்லை.

சரி, பச்சை என்றால் வெர்தே என்று கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாமா? முடியாது. நம் பச்சை பரந்த சொல், சமைக்காத எல்லாவற்றையும் அது எடுத்துக்கொள்ளும். பச்சைக் கறி, பச்சைப் பால், பச்சை முட்டை. ஸ்பானியத்தில் இவையெல்லாம் 'க்ரூதோ'. பச்சை முட்டை என்று நினைத்து 'உவேவோஸ் வெர்தேஸ்' என்று கேட்டுவிடாதீர்கள், முட்டைக்கான அந்தச் சொல்லுக்கு ஆண்களின் உடலில் இன்னொரு பொருளும் உண்டு, கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். கொதிக்காத தண்ணீருக்கும் வெர்தே வராது. வதக்கும்போது பச்சை வாசனை போக வேண்டும் என்கிறோமே, அதற்கும் வராது. அந்த ஒரு மீனை விட்டால், வெர்தே தாவரத்தை விட்டு அதிக தூரம் போகாது. மரம், காய், இலை, விறகு, அப்புறம் நேராக மனிதன் என்று ஒரு தாவு தாவும்.

மனிதனுக்கு வந்தால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. இளமைக்காலத்தை வெர்தே வருடங்கள் என்று சொல்வது பழைய வழக்கு. அது புரிகிறது, இளந்தளிர். வயதானவரை வெர்தே என்றால்? 1611-ல் செபாஸ்தியான் தே கோவாருபியாஸ் வெளியிட்ட பெரிய அகராதியிலேயே, வயதாகியும் வாலிபத் துள்ளலை விடாமல் இருப்பதற்கு இந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. மரம் கிழடாகியும் உள்ளே சாறு வற்றவில்லை என்பதுதான் படிமம். அது பாராட்டாகவும் இருக்க முடியும், தாத்தா இன்னும் திடமாக இருக்கிறார் பாருங்கள் என்று. ஆனால் அந்தத் துள்ளல் எந்தப் பக்கம் துள்ளும் என்று ஊருக்குத் தெரியாதா? காலப்போக்கில் பாராட்டு உதிர்ந்து ஏளனம் மட்டும் நின்றுவிட்டது. இன்று 'வியெஹோ வெர்தே' என்றால் பேத்தி வயதுப் பெண்ணைப் பார்த்துப் பல்லிளிக்கும் கிழவன், வேறு பொருளே கிடையாது. ராயல் ஸ்பானிய அகாதமியின் அகராதி இதை மிக நாகரிகமாக, வயதுக்கும் நிலைக்கும் பொருந்தாத காதல் நாட்டம் உடையவர் என்று எழுதிவைத்திருக்கிறது. பேருந்தில் இடிபட்டு நிற்கும் பெண்கள் இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல மாட்டார்கள். பெண்பாலில் 'வியெஹா வெர்தே'யும் உண்டு, ஆனால் அடிக்கடி காதில் விழுவது ஆண்பால்தான்.

நம்மிடம் வயதானவர்களைப் பச்சை என்று சொல்லும் வழக்கமில்லை, பேச்சைத்தான் சொல்வோம். "பச்சை பச்சையாப் பேசுறான்." ஸ்பானியத்தில் அது 'சிஸ்தே வெர்தே', பச்சை ஜோக். நான் தமிழ்ப் பக்கமிருந்து வந்ததால் இதை ஒரு நொடியில் வாங்கிக்கொண்டேன், என்னோடு வகுப்பில் இருந்த ஆங்கிலக்காரர் முழித்தார், அவர் ஊரில் ஆபாச ஜோக் நீல நிறம். நீலப்படம் என்று நாம் சொல்வதும் அங்கிருந்து கடன் வாங்கியதுதானே, பச்சையாகப் பேசுவது மட்டும் நம் சொந்தச் சரக்கு. ஆனால் வழி கொஞ்சம் வேறு. நம் 'பச்சையாக'வில் இருப்பது சமைக்காமல், மறைக்காமல், அப்பட்டமாக என்ற பொருள், பச்சைப் பொய், பச்சைத் துரோகம் என்பதிலும் அதுதான். ஸ்பானிய வெர்தேயில் பொங்குவது இளமைச் சாறு, அடங்காத உடம்பு. இரண்டு சொற்களும் வெவ்வேறு சந்து வழியாக வந்து ஒரே முட்டுச்சந்தில் நிற்கின்றன. சொல்லவேண்டிய இன்னொன்று, எல்லா ஸ்பானிய நாடுகளிலும் ஆபாசம் பச்சை இல்லை. மெக்சிகோவிலும் கரீபியன் பக்கமும் 'கொலொராதோ', சிவந்த ஜோக் என்று சொல்வதுண்டு. கேட்பவர் முகம் சிவப்பதை வைத்து வந்திருந்தால் நியாயம்தான்.

இதே சாற்றுப் பக்கத்திலிருந்து எனக்கு ரொம்பப் பிடித்த தொடர் 'தார்சே உன் வெர்தே'. தனக்குத்தானே ஒரு வெர்தே கொடுத்துக்கொள்வது. வெர்தே என்பதற்குக் கால்நடைக்குப் போடும் பசும்புல், பச்சைத் தீவனம் என்றும் பொருள் உண்டு. குளிர்காலம் பூராவும் வைக்கோலை மென்ற குதிரைக்கு வசந்தத்தில் பச்சைத் தீவனம் கிடைத்தால் எப்படி இருக்கும், அந்தச் சுகம். ஆசை தீர ஒரு விஷயத்தை அனுபவித்துவிட்டேன் என்பதற்கு இந்தத் தொடர். இப்போது அதிகம் புழங்குவதில்லை என்றாலும் அகராதியில் உயிரோடு இருக்கிறது.

'பொனேர் வெர்தே' என்பது நன்றாகவே புழங்குகிறது, குறிப்பாக ஸ்பெயினில். ஒருவரைப் பச்சையாக்குவது. கண்டபடி திட்டுவது, பெரும்பாலும் ஆள் இல்லாதபோது அவரைப் பிரித்து மேய்வது. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் காரில் நடப்பதெல்லாம் இந்த வகை. இதற்கு ஏன் பச்சை என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. நாம் பச்சை பச்சையாகத் திட்டினான் என்றால் அங்கே பச்சை ஏசும் வாயில் இருக்கிறது, ஸ்பானியத்தில் ஏச்சு வாங்கியவன் பச்சையாகிவிடுகிறான். அவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான், தான் பச்சையானதே தெரியாமல்.

ஒரு சொல்லின் சொந்தக்காரர்களைத் தேடிப் போனால் வீடே வேறு மாதிரி தெரியும். 'வெர்தூரா' காய்கறி, கீரை, இது எதிர்பார்த்ததுதான். அதை விற்பவர் வெர்துலேரோ, விற்கும் பெண் 'வெர்துலேரா'. ஆனால் வெர்துலேரா என்பதற்கு வாய்த்துடுக்குக்காரி, சந்தையில் நின்று கத்துகிற சண்டைக்காரி என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. தொழில் இருவருக்கும் ஒன்றுதான், வசை பெரும்பாலும் பெண் தலையில் விழுகிறது. நம்மூரில் 'மீன்காரி மாதிரி கத்தாதே' என்பார்களே, அதே அநியாயம்.

முட்டைக்கோஸ் வகைக்கு ஒரு பெயர் 'பெர்சா', லத்தீன் பேச்சு வழக்கில் 'பச்சையானவை' என்று சொன்னதன் எச்சம். பழத்தோட்டம், பூஞ்சோலை என்ற பொருளில் வரும் 'வெர்ஹெல்' கூட அதே வேர், பிரான்ஸின் தெற்குப் பகுதி மொழி வழியாகச் சுற்றி வந்தது. இந்தக் குடும்பத்தில் யாரும் எதிர்பார்க்காத உறுப்பினர் 'வெர்தூகோ'. தூக்கிலிடுபவன், தலையை வெட்டுபவன். கொலைக்களத்துக்கும் பச்சைக்கும் என்ன உறவு? மரத்திலிருந்து வெட்டிய பச்சைக் கிளை, இளங்கொம்பு என்பதுதான் அதன் முதல் பொருள். அந்த இளங்கொம்பு வளையும், ஒடியாது, அதனால் சாட்டையானது. சாட்டையின் பெயர் சாட்டையடிக்கும் ஆளுக்கு ஏறி, அவன் செய்த மற்ற வேலைக்கும் ஏறிவிட்டது. பச்சைப் பிரம்பால் அடி வாங்கிப் படித்தவர்களுக்கு இந்தச் சொல்வரலாறு எளிதில் விளங்கும்.

பருப்புக்கீரைக்கு ஸ்பானியப் பெயர் 'வெர்தொலாகா'. பார்த்தவுடன் வெர்தேயின் பிள்ளை என்று நினைப்போம். பிறப்பால் இல்லை. லத்தீனில் போர்துலாகா, அரபு ஆட்சிக்காலத்து ஐபீரிய மக்கள் பேச்சு வழியாக வரும்போது முகம் மாறி, பச்சையாக இருப்பதாலோ என்னவோ வெர்தே சாயலில் வந்து நின்றுவிட்டது. மெக்சிகோவில் இதைப் பன்றிக்கறியோடு சல்சா வெர்தேயில் வேகவைப்பார்கள். கொலம்பியாவின் மெதயீன் நகரக் கால்பந்து அணியான அத்லெதிகோ நசியோனாலுக்கு, அதன் பச்சைச் சட்டையால், வெர்தொலாகா என்றே செல்லப்பெயர். கீரை பெயரில் ஒரு அணி! இதற்கு மாறாக, உண்மை என்று பொருள்படும் 'வெர்தாத்' பார்ப்பதற்கு உடன்பிறப்பு மாதிரி இருந்தாலும் எந்த உறவும் இல்லை, அது லத்தீன் வேரிதாஸ் வழி வந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் சாற்றுப் பச்சை. இன்னொரு கிளை இருக்கிறது, அதைத் துணிப் பச்சை என்று நானாகப் பெயர் வைத்திருக்கிறேன். யாரோ பச்சைத் துணி உடுத்தினார்கள், அதனால் அவர்கள் வெர்தே ஆனார்கள். இதில் பக்குவமும் இல்லை, காயும் இல்லை, நிறம் மட்டும்தான்.

இதில் மூத்தது "ஆ புவேனாஸ் ஓராஸ், மாங்காஸ் வெர்தேஸ்" என்ற பழமொழி. மாங்காஸ் என்றவுடன் நாக்கில் தண்ணீர் ஊற வேண்டாம், இங்கே மாங்கா என்றால் சட்டைக் கை. நல்ல நேரத்துக்கு வந்தீர்கள், பச்சைக் கைகளே! 1476-ல் ஸ்பெயினின் மத்ரிகால் நகரில் கூடிய மன்றத்தில் அரசி இசபெல் காலத்தில் 'சாந்தா எர்மந்தாத்' என்ற காவல்படை சீரமைக்கப்பட்டது, ஊருக்கு வெளியே வழிப்பறி செய்பவர்களைப் பிடிப்பது அதன் வேலை. அவர்களுடைய சட்டைக் கைகள் பச்சை. திருடன் போய், பறிகொடுத்தவர் அழுது முடித்து, ஊர்க்காரர்களே எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் வந்து சேர்வார்கள் என்று பெயர் எடுத்துவிட்டார்கள். படை 19-ஆம் நூற்றாண்டில் கலைந்தது, கேலி மட்டும் 500 வருடம் தாண்டி நிற்கிறது. விருந்து முடிந்து பாத்திரம் கழுவியாகிவிட்டது, அப்போது வந்து "உதவட்டுமா?" என்று கேட்பவருக்கு இன்று அது சொல்லப்படுகிறது. கிளைமாக்ஸில் எல்லா அடிதடியும் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கும் நம் சினிமா போலீசுக்கும் இதைவிடப் பொருத்தமான வரவேற்பு கிடையாது.

டாலருக்கு 'வெர்தே' என்று லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் பெயர், நோட்டின் நிறத்தால். அர்ஜென்டினாவில் டாலர் சேர்ப்பது தங்கம் சேர்ப்பது மாதிரி ஒரு குடும்பப் பழக்கம், ஆனால் அரசு விலைக்கு வெளியே கைமாறும் டாலரின் விலைக்கு அங்கே 'புளூ' என்று பெயர். பச்சை நோட்டுக்கு நீல விலை. அதே ஊரில் "ரெண்டு வெர்தே குடிப்போமா?" என்றால் பணத்தைக் குடிப்பதில்லை, சுரைக்குடுக்கையில் போட்டு உறிஞ்சும் மாத்தே என்ற இலைப் பானம்.

அர்ஜென்டினாவில் வெர்தேயின் எடை கடந்த இருபது ஆண்டுகளில் மாறியிருக்கிறது. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கக் கோரிய பெண்கள் பச்சைக் கழுத்துக்குட்டையைக் கட்டிக்கொண்டார்கள், 'பன்யுவேலோ வெர்தே'. ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 1977 முதல் மாயோ சதுக்கத்தில் சுற்றிவந்த தாய்மார்களின் வெள்ளைத் தலைக்குட்டையை நினைவூட்டும் துணி அது. 2018-ல் மசோதா செனட்டில் தோற்றது. அந்த வருடம் புவெனோஸ் ஐரெஸ் தெருக்களில் பள்ளி மாணவிகளின் பைகளில் எல்லாம் அந்தக் குட்டை தொங்கியது. எதிர்த்தவர்கள் வானநீலக் குட்டை கட்டினார்கள். பையில் தொங்குவது எந்த நிறம் என்பதே ஒருவரின் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டது. 2020 டிசம்பர் 30 அன்று சட்டம் நிறைவேறியது. 'மரேயா வெர்தே', பச்சை அலை என்ற பெயர் மெக்சிகோவுக்கும் கொலம்பியாவுக்கும் போனது. ஆனால் இதே மரேயா வெர்தேயை மாட்ரிட்டில் சொன்னால் பலருக்கு நினைவு வருவது 2011-ல் அரசுப் பள்ளிகளுக்கான நிதிக் குறைப்பை எதிர்த்துப் பச்சை டீ-சட்டையில் இறங்கிய ஆசிரியர்கள். ஒரே இரண்டு சொற்கள், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு போராட்டம், இந்தப் பக்கம் இன்னொன்று. செய்தி படிக்கும்போது எந்த நாட்டுப் பத்திரிகை என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

சுற்றுச்சூழல் வெர்தே உலகம் முழுக்க இருப்பதுதான், அதில் ஸ்பானியத்துக்கென்று தனிச்சுவை ஒன்றும் இல்லை, மெக்சிகோவின் பச்சைக் கட்சியைத் தவிர. கொலைகாரர்களுக்கும் ஆள் கடத்துபவர்களுக்கும் மரண தண்டனை வேண்டும் என்று அது பிரச்சாரம் செய்ததால் ஐரோப்பியப் பச்சைக் கட்சிகள் 2009-ல் அதை அங்கீகரிக்க மறுத்துவிட்டன. பெயரில் வெர்தே, கொள்கையில் வெர்தூகோ.

இலக்கணத்தில் வெர்தே சாது. ஆண்பால் பெண்பால் பார்க்காது, பன்மைக்கு மட்டும் ஒரு ஸ் சேர்த்துக்கொள்ளும். ஆனால் நிறத்தின் சாயலைச் சொல்ல இன்னொரு சொல் சேர்ந்துவிட்டால் பன்மையையும் விட்டுவிடும், கண்கள் எத்தனை இருந்தாலும் 'வெர்தே ஒஸ்கூரோ', கரும்பச்சை, ஒருமைதான். சாயல்களுக்குப் பெயர் வைப்பதில் நம்மைப் போலவே: பாட்டில் பச்சை, ஆலிவ் பச்சை, ஆப்பிள் பச்சை, அப்புறம் 'வெர்தே லோரோ'. லோரோ என்றால் கிளி.

கடைசியாக ஒன்று, எந்தக் கிளையிலும் சேராதது. வித்தியாசமான ஆளை, யாரோடும் ஒட்டாமல் தன் போக்கில் போகிறவரை, ஸ்பெயினில் "மாஸ் ராரோ கே உன் பெர்ரோ வெர்தே" என்பார்கள். பச்சை நாயைவிட அபூர்வம். இந்தப் பச்சை மரத்திலும் விளையாது, தையல்காரரிடமும் கிடைக்காது. நண்பனைப் பார்த்துச் சொன்னால் பாதி கேலி, பாதி பாசம், அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான்.